முப்பிடாதியின் விக்கல்

தேனூத்து அருவியில் பெண்கள் குளிக்கும் பக்கத்து வாசலில் உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களின் செல்போன்களை வாங்கித் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, டோக்கன் கொடுத்து, அவர்கள் குளித்துத் தலை துவட்டித் திரும்பும்போது டோக்கனை வாங்கிக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுக்கிற வேலையைப் பதினான்கு வருடமாகப் பார்த்துவந்த முப்பிடாதிக்கு, ஒரு சித்திரை மாத வெள்ளிக்கிழமை காலை ஏழே காலுக்கு, இட்லியைப் பிட்டு வாயில் வைக்கப் போகும்போது விக்கல் வந்தது. அதே நேரத்தில் இருபது கிலோமீட்டர் தள்ளி, டவுன் பஸ் நிலையத்துக்கு எதிரே, அவளுடைய படம் நாற்பதடி அகலத்துக்கு ஏறி நின்றது எங்களில் யாருக்கும் தெரியாது.

எங்கள் பக்கம் விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று அர்த்தம். தெரிந்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும்; சரியான பெயர் வந்ததும் விக்கல் நின்றுவிடும். முப்பிடாதி, கேரளத்தில் ரப்பர் பால் வெட்டும் கணவர் பெயரைச் சொன்னாள், மதுரையில் நர்ஸிங் படிக்கும் மகள் பெயரைச் சொன்னாள், பேச்சுவார்த்தை இல்லாத கொழுந்தன் பெயரைக்கூட வேண்டாவெறுப்பாகச் சொன்னாள். நிற்கவில்லை. அக்கம்பக்கத்தார் வந்து சேர்ந்து, செத்துப்போனவர்கள் பெயரையும் விடாமல் அடுக்கிப் பார்த்தார்கள், தெருவிலிருந்த கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் வெளியே வந்து அவற்றில் அச்சாகியிருந்த பெயர்களும் தீர்ந்தன, மத்தியானம் ஆகியும் நிற்கவில்லை. யாரும் அவளை நினைக்கவில்லை, அதுதான் விஷயம், பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஒருவன் பொழுது போகாமல் அண்ணாந்து பார்ப்பதற்கு எந்தப் பெயரைச் சொல்லி நிறுத்துவது?

மூன்று மணி வண்டியின் கண்டக்டர்தான் செய்தி கொண்டுவந்தார். "யக்கா, டவுன்ல நம்ம அருவி விளம்பரத்துப் பெரிய போர்டுல நிக்கிய. தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு வாய் நிறையச் சிரிச்சிட்டு நிக்கிய" என்று அவர் சொன்னதும் முப்பிடாதிக்கு முகம் வெளிறிப்போனது. எந்த நாள் எடுத்த படம் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

அந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாரல் காலம் முழுக்க அருவியடியில் நிற்கிற, முப்பிடாதியையும் சேர்த்து நான்கு பெண் பணியாளர்களும் ஒருநாளும் அருவியில் குளிப்பதில்லை. மற்றவர்கள் குளிக்க இவர்கள் காவல் நிற்பார்கள். உடை மாற்றும் அறை மூன்றே மூன்று; வருகிற கூட்டத்துக்கு அது எந்த மூலைக்கு? அதனால் நால்வரும் ஒரு சேலையை நான்கு பக்கமும் விரித்துப் பிடித்து, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்க, உள்ளே ஒருத்தி உடை மாற்றுவாள். இதற்குச் சேலை பிடிப்பது என்று பெயர். எத்தனை ஆயிரம் பெண்களுக்கு முப்பிடாதி அப்படிச் சேலை பிடித்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஆவணி கடைசியில் தண்ணீர் மெலிந்து டிக்கெட் கவுன்டரை மூடுகிற அன்று, கூட்டத்தை எல்லாம் அனுப்பி வாசலைச் சாத்தி, தங்கள் போன்களையும் அதே தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, நால்வரும் இறங்கிக் குளிப்பார்கள். வருடத்தில் அந்த ஒரு அரை மணி நேரம்தான் அருவி அவர்களுடையது. போன வருடம் அந்த அரை மணி நேரத்தில், எதிர்ப் பாறையில் ஒருவர் நீளக் குழல் வைத்த கேமராவோடு, அருவிப் பராமரிப்பு அலுவலகத்தின் அனுமதிக் கடிதத்தையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அருவியைப் படமெடுக்கத்தான் அனுமதி; அருவிக்குள் முப்பிடாதி இருந்தாள்.

ஒரு வாரத்தில் ஊருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எங்கோ ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்தால் இங்கே அவளுக்கு ஒரு விக்கல். அதற்கு மேல் ஏன் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது. எப்படிப் பயன்படுத்துவது என்பதில் இறங்கிவிட்டோம். எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி எனக்குத் தெரியும். சடசடவென்று இருபது முப்பது விக்கல் வந்தால் டவுனில் வண்டி வந்து ஆட்கள் இறங்குகிறார்கள் என்று கணக்கு. "முப்பிடாதிக்கு வந்துட்டு, இன்னும் நாப்பது நிமிசத்துல பஸ் இங்க வந்துரும்" என்று டீக்கடையில் பால் சட்டியை அடுப்பில் ஏற்றினார்கள். அவள் விக்கலை வைத்து டவுனில் மழையா வெயிலா என்று சொன்னார்கள், பந்த் நடக்கிறதா இல்லையா என்று சொன்னார்கள். கிட்டே நின்று பார்த்தால் விக்கல் ஆழமாகவும் தூரத்திலிருந்து பார்த்தால் மேலோட்டமாகவும் வரும் என்பதையும், ஒருவன் வெகுநேரம் கண்ணெடுக்காமல் பார்த்தால் அது நெஞ்சிலேயே அடைத்துக்கொண்டு இறங்காது என்பதையும் தெரிந்துகொண்டோம். அப்படி அடைக்கும்போது அவள் சேலைத் தலைப்பைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொள்வாள். அது எங்களுக்குச் சிரிப்பாக இருக்கவில்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சி புரையேறியது, தண்ணீர் மூக்கில் ஏறியது. பஸ் நிலையம் அடங்குகிற மத்தியான வேளையில் இரண்டு வாய், இருட்டிய பிறகு அந்தப் போர்டின் விளக்கை அணைக்கும் வரை காத்திருந்து நான்கு வாய். டவுனில் மின்வாரியத்தில் லைன்மேனாக இருக்கும் எங்கள் ஊர் பிச்சுமணி, ஏழு மணிக்கு அவள் சாப்பிடட்டும் என்று அந்தக் கம்பத்து ஃபியூஸை மட்டும் தினமும் இருபது நிமிடம் பிடுங்கி வைத்தார். அவர் வேலைக்கே உலை வைக்கும் காரியம் அது. அப்படியும் ஒரே மாதத்தில் முப்பிடாதியின் வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. கணவர் லீவு போட்டு வந்தார். பஸ் நிலையத்தில் இறங்கியவர் தலையைக் குனிந்துகொண்டு, எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே அடுத்த வண்டி ஏறி வந்துவிட்டார். அவளும் அந்தப் படத்தை அதுவரை பார்த்ததில்லை. யாராவது போனில் காட்ட வந்தால் கையால் மறைத்துக்கொள்வாள். வாயைத் திறந்து, நனைந்த சேலையோடு, ஊர் பார்க்க நிற்கிற ஒருத்தி அதில் இருப்பாள் என்றும், அவளை நேருக்கு நேர் பார்க்கத் தனக்குத் தெம்பு இல்லை என்றும் என்னிடமே ஒருமுறை சொன்னாள்.

நான் யாரென்று கேட்டால், அருவிச் சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் இசக்கியப்பன். ஆன்லைன் சேவையும் உண்டு. ஊரில் யாருக்கு எந்த மனு என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். முப்பிடாதியும், அவளோடு வேலை பார்க்கும் மூத்தவளான ஆவுடைத்தங்கமும் வந்தார்கள். மூன்று பேருமாக அருவிப் பராமரிப்பு அலுவலகத்துக்குப் போனோம்.

கண்காணிப்பாளர் திரவியநாதன் கெட்ட மனிதர் அல்ல. விதியைப் பார்த்துப் பயப்படுகிறவர், அவ்வளவுதான். முப்பிடாதிக்கு நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார், அவளால் குடிக்க முடியாததைப் பார்த்துத் தம்ளரைத் தானே வாங்கி வைத்தார். ஆனாலும் அருவி டிக்கெட் ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் தம்மைப் படமெடுக்கவும் அந்தப் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தவும் இசைந்தவராவர் என்று இருந்தது. முப்பிடாதி டிக்கெட் வாங்கி உள்ளே போனவள் இல்லையே, வேலைக்காரியாயிற்றே என்று நான் கேட்டேன். அது நியாயம் என்று ஒப்புக்கொண்டு, அப்படியானால் அனுமதியை விலக்கிக்கொள்ள ஒரு படிவம் இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தார். அதில் முதல் கட்டமே டிக்கெட் எண். எண் இல்லாமல் படிவம் செல்லாது. சரி, ஒரு டிக்கெட் வாங்கிவிடலாம் என்று நான்தான் அவசரப்பட்டு ஓடிப்போய், வரப்போகும் சீசனுக்கு முன்பதிவு செய்யும் கவுன்டரில் வாங்கி வந்தேன், பதினான்கு வருடத்தில் முப்பிடாதியின் பெயருக்கு வாங்கிய முதல் டிக்கெட். அதைக் கையில் வாங்கிப் பார்த்த திரவியநாதன் பெருமூச்சு விட்டார். இப்போது நீங்கள் முறைப்படி இசைந்துவிட்டீர்கள், இனி விலக்கிக்கொள்ளத் தொண்ணூறு நாள் ஆகும் என்றார்.

அடையாளத்துக்காக அந்தப் படத்தின் பிரதி ஒன்றையும் மனுவோடு இணைக்க வேண்டுமாம். இணைத்தோம். முப்பிடாதி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒவ்வொரு மேசையிலும் கோப்பைத் திறந்தபோது வெளியே அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு விக்கல் வந்தது. ஆறு விக்கலில் ஆறு மேசை தாண்டியது. ஏழாவது விக்கலுக்காக மாலை வரை காத்திருந்தோம், வரவில்லை. கோப்பு எங்கோ அலமாரியில் படுத்துவிட்டது என்று ஆவுடைத்தங்கம் எழுந்து சேலையை உதறினாள்.

கிளம்பும்போது திரவியநாதன் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நாங்கள் அன்றிரவு தூங்கியிருப்போம். ஆனி ஒன்றாம் தேதி சீசன் தொடங்கும்போது வரப்போகிற புது டிக்கெட்டில் அதே படத்தை அச்சடிக்க உத்தரவாகியிருந்தது. ஒரு சீசனுக்கு ஆறு லட்சம் டிக்கெட். ஒவ்வொருவரும் கையில் பிடித்து, கிட்டே வைத்து, திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஆனி பிறக்க இருபத்திரண்டு நாள் இருந்தது. முப்பிடாதி திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, விரல்களை மடக்கி மடக்கி எதையோ எண்ணிக்கொண்டே வந்தாள். எத்தனை நாள் தாங்கும் என்று எண்ணினாள் என நினைக்கிறேன்.

அதன் பிறகு நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. அன்று கடையில் உட்கார்ந்து, மனம் பொறுக்காமல், ஒரு செய்தி தயார் செய்தேன். தேனூத்து விளம்பரத்தில் இருக்கும் இந்தப் பெண் அனுமதி தரவில்லை, நீங்கள் பார்க்கப் பார்க்க அவருக்கு விக்கல் வந்து உயிர் போகிறது, தயவுசெய்து இந்தப் படத்தைப் பார்க்காதீர்கள், எல்லோருக்கும் பகிருங்கள் என்று எழுதி, எந்தப் படம் என்று தெரிய வேண்டுமே என்று, அந்தப் படத்தையும் கீழே சேர்த்து எங்கள் ஊர் குரூப்பில் போட்டேன். படித்தவன்தான், பட்டம் வாங்கியவன்தான், அந்த நேரத்தில் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. ஊரில் ஒருவராவது தடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. எல்லோரும் கண்ணீர் வடியும் பொம்மைகளைப் போட்டுப் போட்டு, ஆளுக்குப் பத்துக் குரூப்புக்கு அனுப்பினார்கள். எதைப் பார்க்கக் கூடாது என்று தெரிந்துகொள்வதற்காக எல்லோரும் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் அது கடல் தாண்டிவிட்டது.

முப்பிடாதி கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். விக்கலுக்கும் விக்கலுக்கும் நடுவே இடைவெளியே இல்லாமல், மூச்சு உள்ளே போக வழியில்லாமல், உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், தொண்டையில் குழாய் போட்டார்கள். மூன்றாம் நாள் கொஞ்சம் அடங்கியது, ஜனங்களுக்கு வேறு ஒன்று கிடைத்திருக்கும். டாக்டர் அம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டு, இதுபோல இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டாள் என்றார். நான் கடையைப் பூட்டிவிட்டேன். முப்பிடாதி கண் திறந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். "அளாதிங்க தம்பி" என்றாள், "நல்லதுன்னு நினைச்சுத்தான செஞ்சிய." அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆனி பிறக்க நான்கு நாள் இருந்தபோது, ஆவுடைத்தங்கம் மனுவையும் படிவத்தையும் மறந்துவிடுங்கள் என்றாள். "நமக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணுதான். போயிச் சேலை பிடிப்போம்."

காலை பத்து மணிக்கு, டவுன் பஸ் நிலையம் நெரிகிற நேரத்தில், ஆவுடைத்தங்கமும் மற்ற இரண்டு பணியாளர்களும் ஆளுக்கொரு சேலையோடு அந்தப் போர்டின் அடியில் போய் நின்றார்கள். நாற்பதடிக்கு இருபதடி போர்டுக்கு மூன்று சேலை எந்தப் பக்கம் காணும்? பிச்சுமணி ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, முகத்தைக் கம்பத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு, படத்தைப் பார்க்காமல் தடவித் தடவி முதல் சேலையைக் கட்டினார். அது முப்பிடாதியின் முழங்கால் வரைகூட மறைக்கவில்லை. பூக்கடைக்காரி ஒருத்தி பார்த்துக்கொண்டே இருந்தவள், ஏழு வருடத்துக்கு முன்னால் கல்யாணமான புதிதில் அருவிக்கு வந்தபோது இதே பெண்கள் தனக்குச் சேலை பிடித்ததைச் சொல்லி, கடைக்குள் வைத்திருந்த சேலையை எடுத்து வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு டீச்சர், பையில் வைத்திருந்த சேலையைக் கொடுத்தார். நகராட்சி துப்புரவுப் பெண்கள் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த முஸ்லிம் அம்மாள் ஒருவர் தன் வெள்ளைத் துப்பட்டியைக் கொடுத்துவிட்டு, என் மக பெரிய மனுஷியான வருசம் இவதான் மறைச்சு நின்னா என்று சொல்லிவிட்டுப் போனார். பாலியெஸ்டர், சுங்குடி, நைந்துபோன நூல் சேலை, முகூர்த்தப் பட்டு என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டக் கட்ட, இடுப்பு மறைந்தது, தோள் மறைந்தது. படமெடுக்கப் போனைத் தூக்கியவர்கள் பக்கம் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். போன்கள் இறங்கிவிட்டன.

முப்பிடாதியை வேனில் படுக்கவைத்து அழைத்து வந்து, பஸ் நிலையத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தோம். நான் அவள் பக்கத்தில் இருந்தேன். நெற்றி மறையும்போது இரண்டு விக்கல் வந்தது. காற்றில் ஒரு பட்டுச் சேலை விலகியபோது ஒன்று வந்தது. அதைப் பிச்சுமணி இழுத்துக் கட்டினார். பிறகு வரவில்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம், பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். அவள் தண்ணீர் கேட்டாள். தம்ளரைக் கொடுத்தேன். மடக் மடக்கென்று முழுசாகக் குடித்து, இன்னொரு தம்ளர் கேட்டாள்.

திரவியநாதன் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் புது டிக்கெட்டின் மாதிரித் தாள் சுருட்டி இருந்தது, அச்சுக்கு அனுப்ப அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. சேலைகளை அவிழ்க்கச் சொல்லி மேலிடத்திலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். அவிழ்ப்பதென்றால் சேலைக்காரிகள் அறுபது பேரையும் கேட்டுத்தான் அவிழ்க்க வேண்டும் என்று பூக்கடைக்காரி சொன்னாள், ஒவ்வொரு பெண்ணாக, தனித்தனியாக. போன் பையில் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. நேரே வேனுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எதற்குக் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"அம்மா, உங்க படத்தை வைக்கட்டுமா, எடுத்துடட்டுமா?"

ஒன்பது மாதத்தில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. எடுத்தவர் கேட்கவில்லை, ஒட்டியவர் கேட்கவில்லை, மனு எழுதிய நானும் கேட்கவில்லை. முப்பிடாதி எழுந்து உட்கார்ந்தாள்.

"நான் இன்னும் அத பாக்கலயே" என்றாள்.

ஆவுடைத்தங்கமும் நானும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்க, அவள் போர்டின் அடிவரை நடந்தாள். மற்ற பெண்கள் அவளைச் சுற்றி வட்டமாக நின்று முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். ஆண்களும் திரும்பினோம், கண்டக்டர்களும் திரும்பினார்கள். பிச்சுமணி மேலே ஏணியில் கண்ணை மூடிக்கொண்டு, முகத்துக்கு நேரே இருந்த இரண்டு சேலைகளை விலக்கிப் பிடித்தார். பஸ் நிலையத்தில் அத்தனை பேர் இருந்தும் அந்தப் படத்தைப் பார்த்தது ஒரே ஒருத்திதான்.

என்ன பார்த்தாள் என்று பின்னால் என்னிடம் சொன்னாள். அசிங்கமாக ஒருத்தி இருப்பாள் என்று பயந்துகொண்டுதான் தலையை நிமிர்த்தினாளாம். அங்கே தண்ணீர் தோளில் விழுந்து சிதற, கண்ணை இறுக்கிக்கொண்டு, கடைவாய்ப் பல் தெரிய ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாளாம். இப்படிச் சிரிக்கிறவளா நான், எனக்கே தெரியாதே தம்பி என்றாள். நாங்கள் திரும்பி நின்றிருந்ததால் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. காதில் மட்டும் விழுந்தது. ஒரே ஒரு விக்கல்.

பதறிப்போய் நான் தம்ளரை நீட்டினேன். அவள் வேண்டாம் என்று கையால் விலக்கினாள்.

"இது இருக்கட்டும்" என்றாள். பிறகு திரவியநாதனிடம், "எடுத்திருங்க சார். சின்னதா ஒண்ணு மட்டும் எனக்குக் குடுங்க."

படம் இறங்கியது. டிக்கெட்டில் அருவி மட்டும் அச்சானது, யாரும் இல்லாத அருவி. பின்பக்கத்து எறும்பு எழுத்தை எடுப்பதற்கு மேலும் இரண்டு வருடம் ஆனது. உலகத்தில் எங்கெங்கோ போன்களில் தங்கிவிட்டவற்றுக்காக அவளுக்கு இப்போதும் வேலைக்கு நடுவில் எப்போதாவது விக்கல் வரும், அப்போது சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொள்வாள். என்னைப் பார்த்தால் மட்டும் அந்தக் கை பாதியில் நின்றுவிடும், நானும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

அவள் கேட்ட சின்னப் படம் அந்தத் தகரப் பெட்டியின் அடியில், போன்களுக்கெல்லாம் கீழே, கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆவணி கடைசியில் கவுன்டரை மூடி, வாசலைச் சாத்தி, மற்ற மூவரும் தண்ணீரில் இறங்கிய பிறகு, முப்பிடாதி பெட்டியைத் திறந்து அதை ஒரு தடவை திருப்பிப் பார்ப்பாளாம். எதிர்ப் பாறையில் இப்போது யாரும் உட்காருவதில்லை. சாத்திய வாசலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் காது கொடுத்துக் காத்திருப்போம். முதலில் அந்த ஒரு விக்கல் வரும். அதற்குப் பிறகு சிரிப்புச் சத்தம் வரும்.